மகளை அகாடமிக்கு அனுப்பும் முன்

போன மாதம் ஃப்ரிஸ்கோவில் ஒரு கோல்ஃப் ரேஞ்சில் சிறுமிகள் பந்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். மகளுக்குப் பதிமூன்று வயது. “அக்கா, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ஃப்ளோரிடா போயிடலாம்னு இருக்கோம். முடியலேன்னா இவளை மட்டும் அங்க ஹாஸ்டல்ல விடணும். அங்க இருக்குற கோல்ஃப் அகாடமியில சேர்த்துட்டா காலேஜ் ஸ்காலர்ஷிப் நிச்சயமாம்” என்றார். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். “சின்னப் பொண்ணுக்கா, அவளுக்கு என்ன தெரியும்?” என்றார். பத்தடி தள்ளி அவள் ஒரே வெட்ஜால் ஒரே கொடியைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. காதில் விழாமல் இருந்திருக்காது.

டல்லாஸின் வடக்குப் புறநகர்களில் இந்தக் காய்ச்சல் கூடிக்கொண்டே வருகிறது. 2022ல் பிஜிஏ ஆஃப் அமெரிக்கா தன் தலைமையகத்தை ஃப்ரிஸ்கோவுக்கு மாற்றியது. 2025 ஜூனில் பெண்கள் பிஜிஏ சாம்பியன்ஷிப் இங்கேயே நடந்து, மின்ஜி லீ கோப்பையைத் தூக்கியதைப் பல தமிழ்க் குடும்பங்கள் கயிற்றோரம் நின்று பார்த்தன. அந்த ஆகஸ்டில் நியூ ஜெர்சிப் பெண் மேகா கன்னே, ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்றார். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் வரும் பெற்றோர் யாரும் “இவளுக்கு இந்த ஆட்டம் பிடித்திருக்கிறதா?” என்று தொடங்குவதில்லை. “எந்த வழி சீக்கிரம்?” என்றுதான் தொடங்குகிறார்கள். பத்து வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு பொது மைதானத்தில் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் மூத்த மகளும் இந்த வழியில் போனவள். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கல்லூரி அணி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு போட்டியில் ஐந்து பேர் ஆடுவார்கள், அதில் நல்ல நான்கு ஸ்கோர் கணக்கில் சேரும். பெரும்பாலும் 54 ஹோல். பல போட்டிகளில் முதல் நாளே 36 ஹோல், அதுவும் நடந்தே. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் பெண்கள் அணிக்கு முன்பெல்லாம் ஆறு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அந்த ஆறையும் எட்டு ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். “ஸ்காலர்ஷிப் கிடைத்தது” என்று யாராவது சொன்னால் அது முழுத் தொகையா, கால் பங்கா என்று கேளுங்கள். 2025ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் அணியில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. ஒன்பது பேர், நான்கு வருடப் படிப்பு என்று கணக்குப் போட்டால் ஒரு கோச் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரைத்தான் எடுக்க முடியும். அந்த இடங்களுக்கு ஸ்வீடன், தாய்லாந்து, கொரியா, இந்தியா என்று எல்லா நாட்டுப் பெண்களும் வருகிறார்கள். வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் மாணவிகளும் அதே இடத்துக்குத்தான் நிற்கிறார்கள்.

“பெண்கள் கோல்ஃப் ஸ்காலர்ஷிப் வருஷா வருஷம் வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது” என்று ஒரு பேச்சு உலவுகிறது. பெரும்பாலும் ரெக்ரூட்டிங் சேவை விற்பவர்கள் சொல்வது. அதை நம்பிக் குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்காதீர்கள்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை டிவிஷன் ஒன், டூ, த்ரீ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டில் விளையாட்டுக்கென்று பணம் உண்டு. டிவிஷன் த்ரீயில் கிடையாது, ஐவி லீகிலும் கிடையாது. ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. அது பல வீடுகளில் கால் பங்கு கோல்ஃப் ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கோரைத் தோராயமாகச் சொன்னால், நாட்டின் முதல் வரிசை அணிகளுக்குப் போட்டிச் சராசரி 72ஐ ஒட்டி இருக்க வேண்டும். நடுத்தர டிவிஷன் ஒன் அணிகளில் 75 முதல் 78 வரை. எண்பதுகளில் ஆடும் பெண்ணுக்கும் நல்ல டிவிஷன் த்ரீ கல்லூரியில் இடம் இருக்கிறது. இந்த எண்கள் ஆறாயிரம் கஜத்தை ஒட்டிய மைதானத்தில், போட்டியில், எழுதிக் கையெழுத்திட்ட ஸ்கோர். அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை ஆடியது சேராது.

இனி அகாடமிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகளைப் பதினான்கு வயதில் அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பினோம். அப்போது அவள் போட்டிகளில் 78, 79 ஆடிக்கொண்டிருந்தாள். காலையில் ஐந்து மணி நேரம் கோல்ஃப், மதியம் லேப்டாப்பில் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பந்துக்கும் வேகம், சுழற்சி, கோணம் என்று திரையில் எண்கள் ஓடும். பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. முதல் பயிற்சியாளர் அவளுடைய ஸ்விங்கைக் கழற்றி மாட்டினார். நான்கு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவர் வேறு மாதிரிக் கழற்றினார். அந்த ஒரு வருடத்தில் அவள் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தாள். வளர்கிற உடம்பில் ஸ்விங் தானாகவே மாறும். அதன்மேல் இரண்டு பேர் இரண்டு விதமாகச் செதுக்கினால் குழந்தை என்ன செய்வாள்? ஸ்கோர் 84க்குப் போனது. இடது மணிக்கட்டில் வலி வந்தது. ராத்திரி போன் பண்ணி ஒன்றும் பேசாமல் இருப்பாள், மூச்சு மட்டும் கேட்கும். தூரத்தில் இருந்த எனக்கு அதன் அர்த்தம் புரிய ஏழு மாதம் ஆனது.

படிப்பிலும் அடி விழுந்தது. டிவிஷன் ஒன் அல்லது டூவில் ஆட வேண்டுமென்றால் என்சிஏஏ ஒப்புக்கொண்ட பதினாறு முக்கியப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும். டிவிஷன் ஒன்னுக்கு அவற்றில் சராசரி 2.3க்குக் குறையக் கூடாது. எல்லா ஆன்லைன் பாடத்தையும் என்சிஏஏ ஏற்பதில்லை. மகள் அங்கே படித்த வேதியியல் பட்டியலில் இல்லை என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. ஒரு கோடை முழுக்க அதைத் திரும்பப் படித்தாள். சேர்க்கும்போது நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நீங்கள் எந்த ஆன்லைன் பள்ளியில் சேர்த்தாலும், பணம் கட்டும் முன் பாடம் பாடமாக அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

அகாடமியின் வரவேற்பறையில் கல்லூரிச் சட்டை போட்ட பெண்களின் படங்கள் மாட்டியிருக்கும். அந்தப் பெண்கள் உள்ளே வந்தபோதே என்ன ஸ்கோர் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். அவர்களோடு அதே வருடம் சேர்ந்த மற்றவர்கள் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். நன்றாக ஆடும் பெண் எங்கிருந்தாலும் கோச்சின் கண்ணில் படுவாள். அவளைச் சேர்த்துக்கொண்ட இடத்துக்குப் பெயர் கிடைக்கிறது, அந்தப் பெயருக்கு நாம் பணம் கட்டுகிறோம். நல்ல தனியார் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுச் செலவுக்கு நிகரான தொகையை நான்கு வருடம் கட்டிவிட்டு, கடைசியில் கால் பங்கு ஸ்காலர்ஷிப்புக்குச் சந்தோஷப்படுவதில் என்ன கணக்கு இருக்கிறது?

யாருக்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். தேசிய அளவில் ஏற்கெனவே வெல்கிற பெண், தானாக வந்து கேட்கிற பெண், அம்மாவோ அப்பாவோ கூடவே போய் இருக்க முடிகிற வீடு, மூன்றும் ஒன்றாக அமைந்தால் யோசிக்கலாம். மினசோட்டா மாதிரிப் பனி ஊரில் இருப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கே போய் ஆடிவிட்டு வருவதும் நியாயம்தான். ஆனால் டெக்சஸில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெளியே ஆடலாம். மார்ச் மாதக் காற்றில் பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழகிய பெண் எந்த ஊர் மைதானத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இங்கே இல்லாத எதை அங்கே போய் வாங்கப் போகிறோம்?

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ரேஞ்ச் போதும். இரண்டு நாள் பையைத் தோளில் போட்டு ஒன்பது ஹோல் நடக்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சிப்பிங்கும் பட்டிங்கும். நூறு கஜத்துக்கு உள்ளேதான் பெண்களின் ஸ்கோர் உருவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். டிரைவரை இன்னும் இருபது கஜம் தள்ளுவதற்காகப் பிள்ளைகளை வாட்டும் அப்பாக்களோடு எனக்கு ஓயாத வாதம். முதலில் உள்ளூர்ச் சுற்றுப் போட்டிகள், அதில் அடிக்கடி எண்பதுக்குக் கீழே வந்தபின் மாநில அளவு, அதற்கும் பிறகுதான் தேசிய அளவில் ஜூனியர் போட்டிகள் நடத்தும் ஏஜேஜிஏ. போட்டிகளில் நல்ல இடங்களைப் பிடித்துச் சேர்க்கும் ‘ஸ்டார்’ புள்ளிகளை வைத்துத்தான் பெரும்பாலும் அங்கே அனுமதி கிடைக்கிறது. அவசரப்பட்டு ஊர் ஊராக விமானம் ஏறி, நாற்பதாவது இடத்தில் முடித்துத் திரும்புவதால் எந்தப் பெண்ணும் முன்னேறியதை நான் பார்க்கவில்லை. பள்ளி அணியையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அங்கேயும் ஐந்து பேர் ஆடி நான்கு ஸ்கோர் எண்ணப்படும். தன் மோசமான நாளில் தோழியின் ஸ்கோர் காப்பாற்றுவதையும், தோழியின் மோசமான நாளில் தான் ஒரு போகியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதையும் அங்கேதான் கற்கிறாள். கல்லூரியிலும் அதுவேதான் வேலை.

பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 முதல் டிவிஷன் ஒன் கோச்சுகள் பேசலாம். ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிச் செலவில் அழைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் கடிதம் போடலாம், பதில் வராது. வராவிட்டால் கலங்க வேண்டாம், விதி அப்படி. மின்னஞ்சலை மகளே எழுதட்டும். நான்கு வரி போதும்: போட்டி ஸ்கோர், மைதானத்தின் நீளம், படிக்க விரும்புவது, அடுத்து எங்கே ஆடுகிறாள். அப்பா எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்று ஒரு கோச் என்னிடம் சொன்னார். போட்டிக்கு வரும் கோச்சுகள் ஸ்விங்கை இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். டபுள் போகிக்குப் பிறகு அவள் அடுத்த டீக்கு எப்படி நடக்கிறாள், தண்ணீர் கொடுக்க வந்த அம்மாவிடம் எப்படிப் பேசுகிறாள் என்பதை அதைவிட அதிக நேரம் பார்ப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம்மையும் பார்ப்பார்கள்.

கல்லூரியையே விட்டுவிட்டு ப்ரோ ஆவதைப் பற்றியும் கேட்கிறார்கள். லெக்ஸி தாம்சன் 2010ல் பதினைந்து வயதில் ப்ரோ ஆனார். பெங்களூரின் அதிதி அசோக் 2016ல் பதினேழு வயதில் ஆனார், டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை வந்தார். மிஷெல் வீயும் பதினாறை எட்டும் முன்பே ஆனார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் படித்துப் பட்டம் வாங்கினாலும், ப்ரோ என்பதால் கல்லூரி அணிக்கு ஆட முடியவில்லை. ரோஸ் ஷாங் அதே ஸ்டான்ஃபோர்டுக்கு ஆடி 2022லும் 2023லும் என்சிஏஏ தனிநபர் பட்டத்தை வென்ற பிறகுதான் ப்ரோ ஆனார். ஆன முதல் போட்டியிலேயே ஜெயித்தார். இவர்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே மற்றவர்களிடமிருந்து தனியாகத் தெரிந்தவர்கள். உங்கள் மகள் அப்படி இருந்தால் என்னைப் போன்றவர்களின் வழிகாட்டல் அவளுக்குத் தேவைப்படாது.

அப்படி இல்லாத பெண்களுக்கு நான் சொல்வது பெட்ஸி ரால்ஸின் கதை. டெக்சஸில் வளர்ந்தவர். கோல்ஃப் மட்டையை முதலில் எடுத்ததே பதினேழு வயதில். ஆஸ்டினில் ஹார்வி பெனிக்கிடம் கற்றுக்கொண்டார், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். பிறகு 1951, 1953, 1957, 1960 என்று நான்கு முறை அமெரிக்கப் பெண்கள் ஓபனை வென்றார். அந்தக் காலம் வேறு, போட்டி இவ்வளவு இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் கை நிதானமும் மனசுக்குள் ஒரு ஆசையும் பெண்ணுக்கு எந்த வயதில் கூடிவரும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. பதிமூன்றில் தூங்கி பதினாறில் விழித்துக்கொண்ட மூன்று பேரை என் சனிக்கிழமைக் கூட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். பதிமூன்றில் கோப்பைகளை அடுக்கிவிட்டுப் பதினாறில் மட்டையைக் கராஜில் போட்டுப் பூட்டியவர்களையும் பார்த்தேன். காத்திருக்க வேண்டும். காத்திருப்பது சும்மா இருப்பதாகாது. கூட்டிப் போய் விடுவது, வெயிலில் நிற்பது, திரும்பும் வழியில் ஸ்கோரைப் பற்றி வாய் திறக்காமல் காரை ஓட்டுவது எல்லாம் அதில் சேரும்.

என் மகள் ஊர் திரும்பி மூன்று மாதம் மட்டையைத் தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு மாலை தானாகவே பட்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பள்ளி அணியில் ஆடினாள், ஒரு டிவிஷன் த்ரீ கல்லூரிக்கு நான்கு வருடம் ஆடினாள், சிவில் இன்ஜினியரிங் முடித்தாள். இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாக என்னைக் கூப்பிட்டு ஆட அழைக்கிறாள்.

ஃப்ரிஸ்கோ ரேஞ்சில் பார்த்த அந்த அப்பாவிடம், அடுத்த சனிக்கிழமை மகளோடு பதினெட்டு ஹோலும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வாருங்கள், ஃப்ளோரிடாவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றேன். மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எத்தனை மணிக்குக்கா?” என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன்.