26 சதவீதமா, நூற்றுக்கு 4.5 பேரா?

தொற்று நீங்கியும் மாதக்கணக்கில் தொடரும் களைப்பு, மூச்சிரைப்பு, மறதி ஆகியவை நீண்டகால கோவிட்டின் அறிகுறிகள். அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, தொற்று உறுதியான 5 நாள்களுக்குள் நிர்மாட்ரெல்விர் மாத்திரை எடுத்தவர்களிடம் இதன் அபாயம் 26 சதவீதம் குறைந்திருந்ததாகக் கூறியது. நேரடிக் கணக்கில் இது ஆறு மாதத்தில் நூற்றுக்குச் சுமார் 4.5 பேர். இரண்டு எண்களும் சரியே. முன்னது ஒப்பீட்டுக் குறைவு, பின்னது நேரடிக் குறைவு.

ஆனால் மாத்திரை யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. எனவே மாத்திரைதான் காரணம் என்று இந்த ஆய்வைக் கொண்டு மட்டும் உறுதி கூற இயலாது.

வகுப்பறைச் செயல்பாடு: நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கொடுத்து, 'எதில் சதவீதம்? யாரோடு ஒப்பிட்டு? குலுக்கல் நடந்ததா?' என மாணவர்களைக் கேட்கச் செய்யலாம்.