எள்ளுருண்டையும் நீல மாத்திரையும்

சென்ற ஆண்டு ஜூலை மாதம் காலை வணக்கக் கூட்டத்தில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். நிழலில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தோம். சில நிமிடங்களில் எழுந்துவிட்டாள். மாலையில் வந்த அவள் அம்மா, “பிள்ளைக்கு லோ பிரஷராக்கும் டீச்சர். எள்ளு, ஆளிவிதை, பூசணி விதை எல்லாம் பொடிச்சுக் குடுக்கேன்” என்றார். “நல்லதுதான், தொடர்ந்து கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். அறிவியல் பாடம் நடத்தும் நான் செய்த தவறு அது.

செப்டம்பரில் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தபோது அவளுடைய ரத்த அழுத்தம் 100/64 இருந்தது. அதில் குறை இல்லை. ஹீமோகுளோபின் 8.4 கிராம்தான். விசாரித்தபோது, “பொடி திங்கேன்லா டீச்சர், அதான் மாத்திரை வேண்டாம்னு வச்சேன்” என்றாள். வாரந்தோறும் வகுப்பில் நான் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகள் அவளது பையிலேயே கிடந்தன.

ரத்த அழுத்தக் குறைவுக்கும் ரத்தசோகைக்கும் தலைச்சுற்றல், சோர்வு ஆகியவை பொதுவான அறிகுறிகள். அதனால் இரண்டையும் வீடுகளில் ‘லோ பிரஷர்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் 90/60க்குக் கீழே போனால் குறைவு என்கிறோம். 12 வயதைக் கடந்த மாணவியருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. முகத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பரிசோதித்துத்தான் அறிய வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. அப்படியென்றால் நம் ஒவ்வொரு வகுப்பறையிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள்.

பிறகு இதையே வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுத்தேன். 100 கிராம் எள்ளில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஒரு மேசைக்கரண்டி எள் சுமார் 10 கிராம். கிடைப்பது எவ்வளவு? 1.4 மில்லிகிராம். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 30 மில்லிகிராம். ஒரு நீல மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம். கரும்பலகையில் எண்களைப் பார்த்ததும் மாணவியரே விடை சொன்னார்கள்: எள் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

விதையில் உள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. விதைகளில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் இது குறைகிறது. உடன் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். தேநீர் அதைத் தடுக்கும். என் மாணவியின் பெற்றோர் விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் பொடியைத் தின்று, ஒரு கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருவாள். காலை உணவே இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம் உண்மையிலேயே குறைவாக உள்ளவர்கள் ஆளிவிதையை மருந்துபோல் அதிகம் உண்ண வேண்டியதில்லை. அது அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் தன்மை உடையது. உணவோடு ஒரு தேக்கரண்டி போதும். அதையும் வறுத்துப் பொடித்து, நிறையத் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். சியா, சப்ஜா விதைகளை ஊறவைக்காமல் விழுங்கினால் தொண்டையில் வீங்கி அடைத்துக்கொள்ளலாம். எள் சிலருக்கு ஒவ்வாமை தரும். தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோட்டத்தில் கிடக்கும் ரப்பர் விதை, வேலியோரக் காட்டாமணக்கு விதை ஆகியவற்றைக் குழந்தைகள் தின்னக் கூடாது, இரண்டும் நஞ்சு.

நம் வீட்டுச் சமையலில் விதைகளுக்குக் குறைவில்லை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், முருங்கைக்கீரையோடு சேர்த்த சக்கக்கொட்டைக் கறி, கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை என எத்தனையோ உண்டு. இவை நல்ல உணவுகள். ஆனால் குறைந்துபோன ஹீமோகுளோபினை இவற்றால் மட்டும் ஈடுகட்டிவிட முடியாது.

மருத்துவர் அவளுக்குத் தினமும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடற்புழு நீக்க மாத்திரையும் தந்தார். மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் 11.3 ஆனது. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

இப்போது மதிய உணவுக்குப் பிறகுதான் மாத்திரை கொடுக்கிறேன். வெறும் வயிற்றில் குமட்டும். என் கண் முன்னே விழுங்கச் சொல்கிறேன். மலம் கறுத்துப் போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் முன்பே சொல்லிவிடுகிறேன். காலையில் யார் சாப்பிடவில்லை என்று வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்பதில்லை. தனியே அழைத்துக் கேட்கிறேன். மயங்கி விழும் பிள்ளையின் பெற்றோர் அடுத்த முறை “லோ பிரஷர்” என்று சொன்னால், “ரத்தம் பரிசோதித்தீர்களா?” என்று நாம் கேட்க வேண்டும். அன்று நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.