ஒரே தகட்டில் பல கணங்கள்

விளையாட்டு வீரர் ஒருவரை ஒளிப்படம் எடுக்க முனைவோர் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அமரவைத்து எடுத்தால் முகம் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. ஆடும்போது எடுத்தால் ஒரு கணத்து உடல் கிடைக்கும். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை மறைந்துவிடும். ஒரே சட்டத்தில் பலமுறை ஒளியை விழச்செய்து, ஓர் அசைவின் பல நிலைகளையும் ஒன்றாகப் பதியும் பல்பதிவு முறை இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கிறதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1878இல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். அவை தனித்தனிப் படங்கள். பல நிலைகளை ஒரே தகட்டில் கொண்டுவந்தவர் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே ஆவார். 1882 முதல் பாரிசை அடுத்த புலோன் காட்டில் அமைந்த தம் ஆய்வு நிலையத்தில், துளைகள் வெட்டிய வட்டத் தகடு ஒன்றைக் கேமராவின் வில்லையோடு இணைத்துச் சுழலவிட்டார். துளை கடக்குந்தோறும் ஒளி புகும். தகட்டில் ஒரு நிலை பதியும். பின்புலம் முழுக் கருமையாக இருந்தமையால், வீரர் இல்லாத இடம் அடுத்த பதிவுக்காகக் கெடாமல் காத்திருந்தது. முறையின் மறைபொருள் முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது. கருமை என்பது ஒளிப்படத் தகட்டுக்கு எழுதப்படாத ஏடு போன்றது.

ஆயினும் மாரேக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. விரைவாகப் பல நிலைகளைப் பதிந்தபோது உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பின. அவர் கண்ட வழி வியப்புக்குரியது. ஆளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை கரிய உடை அணிவித்தார். கைகால்களின் நீளத்தில் வெள்ளைக் கோடுகளையும் மூட்டுகளில் புள்ளிகளையும் இட்டார். தகட்டில் கோடுகள் மட்டுமே பதிந்தன. நடையும் ஓட்டமும் தாவலும் துல்லியமான வரைபடங்களாயின. ஆனால் ஓடியவர் யார்? முகத்தை அழித்தே அசைவைப் பெற்றார் மாரே. அவர் நோக்கம் அறிவியல். ஆதலின் அது குறையன்று. உருவப்படம் எடுப்போர்க்கோ அதுவே பெருங்குறை.

அடுத்த பெரும் மாற்றம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்தது. மின்பொறியியல் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டன், ஷட்டரைத் திறந்தே வைத்து, இருளில் விளக்கை விட்டுவிட்டு மின்னச்செய்தார். 1938இல் கோல்ஃப் வீரர் டென்ஸ்மோர் ஷூட்டை நொடிக்கு நூறு மின்னல்கள் வீதம் எடுத்த படம் புகழ்பெற்றது. மட்டை விசிறிபோல விரிகிறது. மின்னல்களின் இடைவெளி ஒரே அளவினது. ஆகவே மட்டையின் உருக்கள் நெருங்கிய இடத்தில் வேகம் குறைவு, விலகிய இடத்தில் வேகம் மிகுதி. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் மட்டைத்தலை நாற்பது சென்டிமீட்டர் கடந்திருக்குமாயின், வேகம் நொடிக்கு நாற்பது மீட்டர் என்று அளவுகோலாலேயே கண்டுவிடலாம்.

இங்கும் ஒரு விலை உண்டு. அசையாத பகுதியின்மேல் ஒவ்வொரு மின்னலும் மீண்டும் மீண்டும் விழுகிறது; அது வெளிறிப்போகிறது. விரையும் மட்டையோ ஒரிடத்தில் ஒருமுறைதான் ஒளிபெறும். மட்டைக்கு ஏற்ப ஒளியை அமைத்தால் முகம் கெடும். முகத்துக்கு ஏற்ப அமைத்தால் மட்டை மங்கும். ஒளியூட்டிய பின்புலத்தின்முன் இரண்டு பதிவுகள் எடுப்பின் ஒவ்வொன்றிலும் ஒளியைப் பாதியாகவும், நான்கு எடுப்பின் காற்பங்காகவும் குறைத்தல் வேண்டும். கரும்பின்புலத்தில் உருக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவரை இக்குறைப்புத் தேவையில்லை. இக்காலத்து டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் கூட்டல், சராசரி என்னும் இருவகை அமைப்புகள் இருப்பதற்கும் இக்கணக்கே காரணம்.

இயற்பியல் துறை நண்பர் ஒருவரோடு இதனை யானும் ஓர் இரவு முயன்று பார்த்தேன். இறகுப்பந்து ஆடும் மாணவர் ஒருவர் இசைந்தார். முதல் முயற்சியில் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் ஒவ்வொரு மின்னலிலும் பதிந்து, மாணவரின் உடல் வழியே சுவரின் விரிசல்கள் தெரிந்தன. மறுமுறை கரும்போர்வைகளைத் தொங்கவிட்டோம். விட்டுவிட்டு மின்னும் பிளாஷ் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, நொடிக்குப் பத்து மின்னல்களாக ஐந்து பதிவுகள் எடுத்தோம். ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று ஆடினால் எளிதாக இருக்கும் என்றார் நண்பர். யான் இசையவில்லை, அவ்வாறு எடுத்த படத்தில் இடைவெளிகள் வேகத்தைப் பற்றிப் பொய் சொல்லும். படம் நன்றாகவே அமைந்தது. ஆனால் மாணவர் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, இதில் நான் எவன்?” என்று கேட்டார்.

ஐந்து உருக்களும் ஒரே ஒளியில் இருந்தன என்பதை அப்போதே உணர்ந்தேன். ‘ஓடி, எம்பி, வீசி, அடித்து’ என்று வினையெச்சங்களை மட்டும் அடுக்கி, முற்றுவினை தராமல் விட்ட தொடராக இருந்தது அப்படம். செய்து என்னும் வாய்பாட்டு எச்சங்கள் எத்தனை வரினும், முடிக்கும் வினையின் எழுவாயே அவற்றுக்கும் எழுவாயாகும். அம்முற்று எங்கே?

அடுத்த முறை நான்கு மின்னல்களோடு பிளாஷை நிறுத்தி, அதன் ஒளியையும் பாதியாகக் குறைத்தோம். அடித்து முடித்த மாணவர் முந்தைய உருக்கள் படாத இடத்தில் ஓரடி முன்வந்து கேமராவை நோக்கி நின்றார். நண்பர் வேறொரு விளக்கை முழு ஒளியில் ஒருமுறை கையால் மின்னச்செய்தார். அதன்பின் ஷட்டரை மூடினேன். நான்கு மங்கிய உடல்கள் வளைந்து வந்து, வியர்வை படிந்த ஒரு முகத்தில் முடிந்தன.

மாணவர் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு படிகள் வேண்டும் என்றார்; ஒன்று தம் தாயாருக்கு.