வலி அடங்குவதும் புண் ஆறுவதும்

அன்புள்ள தங்கைக்கு,

குடல் அழற்சி நோய்க்குக் கஞ்சா மருந்தாகுமா என்று கேட்டிருக்கிறாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நோயின் வலியையும் வயிற்றுப்போக்கையும் கஞ்சா தணிக்கக்கூடும். ஆனால் குடலில் உள்ள புண்ணை அது ஆற்றுகிறது என்பதற்கு இதுவரை நடந்த மனித ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். என் வார்த்தைக்காக நம்பாமல், சான்றுகளை நீயே எடை போட்டுப் பார்.

முதலில் நோயைப் புரிந்துகொள். கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தக் குடல்மீதே ஓயாமல் போர் தொடுப்பதுதான் குடல் அழற்சி நோய். இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. 1932இல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் அவருடைய இரு சகாக்களும் விவரித்தது கிரோன் நோய். அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் துளைத்துச் செல்லலாம். மற்றது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்குவது. இரண்டுமே பெரும்பாலும் இளம் வயதில்தான் தலைகாட்டுகின்றன. ஒரு நாளைக்குப் பத்து முறை கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை வகுப்பில் எப்படி நிம்மதியாக உட்கார முடியும்? எடை குறையும், ரத்தம் போகும், சோர்வு ஆளை அழுத்தும். இவ்வளவும் வெளியே தெரிபவை. தெரியாத பகுதியும் ஒன்று உண்டு. வலி பெரிதாக இல்லாத நாள்களிலும் அழற்சி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கலாம். அப்படி நாளாக நாளாகக் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். சுவரில் ஓட்டை விழுந்து புரையோடும். கடைசியில் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடும்.

கஞ்சாவின் மீது விஞ்ஞானிகளின் பார்வை விழுந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளை இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964இல் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அது பொருந்தி உட்காரும் ஏற்பிகள் நம் உடலில் இருப்பது பின்னர் தெரிந்தது. 1992இல் மெக்கூலமின் ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் கண்டது: அதே ஏற்பிகளுக்காக நம் உடலே சுரக்கும் ஒரு பொருள். ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். இந்த ஏற்பிகளில் ஒரு வகை குடலின் நரம்புகளில் இருக்கிறது. தூண்டினால் குடலின் அசைவு மெதுவாகும். இன்னொரு வகை நோய் எதிர்ப்புச் செல்களில் நிறைந்திருக்கிறது. ஆய்வக எலிகளில் இந்த ஏற்பிகளைத் தூண்டியபோது குடல் அழற்சி குறைந்தது. ஆகவே மனிதரிடமும் பலிக்கும் என்று எதிர்பார்த்தது நியாயமான எதிர்பார்ப்பே.

அதைச் சோதித்துப் பார்த்தவர் இஸ்ரேலின் கஃபர் சபா நகரிலுள்ள மெயிர் மருத்துவமனையின் டிம்னா நஃப்தாலி. 2013இல் வெளியான அவருடைய ஆய்வில், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத 21 கிரோன் நோயாளிகள் பங்கேற்றார்கள். 11 பேருக்குக் கஞ்சா சிகரெட். 10 பேருக்கு டி.எச்.சி. நீக்கிய கஞ்சாப் பூவால் செய்த போலி சிகரெட். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது கஞ்சா பெற்ற 11 பேரில் 10 பேருக்கு நோய் மதிப்பெண் 100 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. மற்ற பிரிவில் 4 பேருக்குத்தான் அப்படி. படித்தவுடனே மனம் துள்ளும். ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. கஞ்சாவை நிறுத்திய இரண்டே வாரத்தில் மதிப்பெண் மறுபடி ஏறிவிட்டது.

மதிப்பெண் இறங்கியும் அழற்சி இறங்காமல் இருப்பது எப்படி? அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையைக் கிட்ட இருந்து பார்த்தால் விளங்கும். நோயாளி ஏழு நாளுக்கு ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். எத்தனை முறை வயிற்றுப்போக்கு, வலி 0 முதல் 3க்குள் எவ்வளவு, உடல்நிலை மொத்தத்தில் 0 முதல் 4க்குள் எப்படி என்று தினமும் குறிக்க வேண்டும். வாரக் கூட்டுத்தொகையில் வயிற்றுப்போக்கை 2ஆலும் வலியை 5ஆலும் உடல்நிலையை 7ஆலும் பெருக்குவார்கள். ஒருவருக்கு வலி தினமும் ஒரு படி குறைகிறது, உடல்நிலை ஒரு படி தேறுகிறது, வயிற்றுப்போக்கு நாளுக்கு இரண்டு முறை குறைகிறது என்று வைத்துக்கொள். 35, 49, 28, கூட்டினால் 112. புண் ஒரு நூலளவும் ஆறாமலே, சிகிச்சை பலித்தது என்று சொல்லப் போதுமான இறக்கம் வந்துவிட்டது! வலியை மறக்கடிப்பது, மனத்தை இலேசாக்குவது, குடலின் ஓட்டத்தைத் தணிப்பது ஆகிய மூன்றும் கஞ்சாவுக்கு இயல்பாகவே கைவந்தவை என்பதை இங்கே நினைத்துப் பார்.

அப்படியானால் குடலுக்குள் நேராகப் பார்த்துவிட வேண்டியதுதானே? பார்த்தார்கள். 2021இல் நஃப்தாலியின் குழு 56 கிரோன் நோயாளிகளிடம், போதை தராத சி.பி.டி. மிகுந்த கஞ்சா எண்ணெயைச் சோதித்தது. எட்டு வாரத்தில் எண்ணெய் பெற்றவர்களின் நோய் மதிப்பெண் 282இலிருந்து 166ஆக இறங்கியது. போலி எண்ணெய் பெற்றவர்களுக்கு 264இலிருந்து 237. வாழ்க்கைத் தரமும் கஞ்சாப் பிரிவில்தான் நன்றாக உயர்ந்தது. ஆனால் கொலோனோஸ்கோபி குழாயை விட்டுப் புண்களின் நிலைக்கு மதிப்பெண் இட்டபோது, கஞ்சாப் பிரிவில் 10இலிருந்து 7. போலிப் பிரிவில் 11இலிருந்து 8. இரண்டிலும் மூன்றே புள்ளி. பிரிட்டனில் 60 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் நோய் தணிந்தவர்கள் கஞ்சா மருந்தில் 28 சதவீதம், போலி மருந்தில் 26 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் மதித்தே பார்க்க வேண்டும். வலி குறைவது சின்ன விஷயமா என்று கேட்பார்கள். நிச்சயமாக இல்லை. இரவெல்லாம் துடித்தவர் நிம்மதியாகத் தூங்குவது பெரிய நன்மை. சட்டம் இடம் தரும் நாடுகளில், மருத்துவரின் கண்காணிப்பில், வழக்கமான சிகிச்சையோடு துணையாகச் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. அதை மாற்றாகக் கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். ஆய்வுகள் மிகச் சிறியவை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், 21 பேரும் 56 பேரும் போதாது, எட்டு வாரமும் குறைவு. அதனால் பெரிய ஆய்வுகள் வேண்டும் என்றுதான் சொல்லலாமே தவிர, சான்று வருமுன்பே குணமாகும் என்று பறைசாற்ற முடியாது. இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்துக்கும் பக்க விளைவு உண்டே, செடி இயற்கையானதல்லவா என்பார்கள். ஸ்டீராய்டு முகத்தை ஊதவைக்கும், எலும்பைத் தேய்க்கும்; அதனால்தான் மருத்துவர்கள் அதைக் குறுகிய காலத்துக்கு மட்டும் தருகிறார்கள். எருக்கும் அரளியும்கூடச் செடிகள்தாம். கஞ்சாவுக்கும் விலை உண்டு: நீண்ட நாள் புழங்கியவர்களில் சிலருக்கு அடங்காத வாந்தி வரும், வளரும் வயதில் மூளைக்குக் கேடு. கனடாவில் 313 நோயாளிகளிடம் நடந்த கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்கு மேல் கஞ்சா பயன்படுத்திய கிரோன் நோயாளிகளிடையே அறுவை சிகிச்சை கூடுதலாகக் காணப்பட்டது. நோய் முற்றியவர்களே கஞ்சாவை நாடியிருக்கலாம் என்பதால் இதைக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன்.

நம் நாட்டுக்கு இன்னொரு கவலையும் சேர்கிறது. குடல் காசநோயும் கிரோன் நோயும் அறிகுறிகளில் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும்; கைதேர்ந்த மருத்துவர்களே திசுப் பரிசோதனை செய்துதான் பிரித்தறியப் பாடுபடுகிறார்கள். வலியைத் தானே மறைத்துக்கொண்டு காலம் கடத்துபவர் எந்த நோயை வளர்க்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கஞ்சாவை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடாதே.

தங்கையே, கஞ்சாவால் எனக்குக் குடல் நோய் குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவரைப் பொய்யர் என்று எண்ணாதே. அவருக்கு வலி குறைந்தது மெய்யாகவே இருக்கலாம். அன்போடு ஒரே ஒரு கேள்வி கேள்: அதற்குப் பிறகு எடுத்த கொலோனோஸ்கோபியில் புண் ஆறியிருந்ததா? உனக்குத் தெரிந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்