ரோஜாவில் முரட்டுத் தளிர்

கேள்வி: ஓசூர் நர்சரியில் வாங்கிய ரோஜாவில் ஒரு கிளை மட்டும் வெளிர்பச்சையாய், மொட்டே வைக்காமல் ஆளுயரம் வளர்கிறது. நோயா?
– வாசகி, ஆனேக்கல்

பதில்: முதலில் அடிமண்ணை விலக்கி, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் நோயல்ல. வேர்ச்செடியாக வைத்த காட்டு ரோஜா தலைதூக்குகிறது. கத்தரியால் நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்; அடியோடு பிய்த்தெடுங்கள். ஏழு சிற்றிலை இருந்தாலே காட்டுச்செடி என்பார்கள், நம்பாதீர்கள். நல்ல ரகங்கள் சிலவற்றிலும் ஏழு உண்டு. ஒட்டுக்கு மேலே என்றால் விட்டுவிடுங்கள். இளந்தளிர் சிவந்திருப்பதும் இயல்புதான். நுனி சுருண்டு, கருகி, இலை கோணினால் மட்டும் இலைப்பேனைச் சந்தேகியுங்கள்: வெள்ளைத்தாளின் மேல் தளிரைத் தட்டினால் பொடிப்பூச்சிகள் ஓடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.