பரணைக் காலி செய்

அன்புள்ள பேத்திக்கு,

நேற்று நீ போனில் கேட்டது ராத்திரி தூங்கவிடவில்லை. “டைகர் வாலை ஆட்டிக்கிட்டேதான் கிட்டப் போச்சு தாத்தா, அப்புறம் எதுக்கு முத்து அதோட மூக்கைக் கீறுச்சு?” நல்ல கேள்வி. பின்னாலிருந்து உன் அப்பன் சொன்ன பதில்தான் எரிச்சல் மூட்டியது: “நாயும் பூனையும் பிறவிப் பகை. ரெண்டு நாள் ஒரே ரூம்ல பூட்டி வெச்சா சரியாயிடும்.” பிறவிப் பகையென்றால் பூட்டினால் எப்படித் தீரும்? விலங்கியல் வாத்தியார் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

குவோ என்ற சீன உளவியலாளர் 1930இல் ஒரு சோதனையை வெளியிட்டார். எலி கொல்லும் தாயைப் பார்த்து வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. பிறந்தது முதல் எலியோடு வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை மூன்றே. எலி விஷயமே இப்படியென்றால் நாய் எம்மாத்திரம்? பிற இனத்தை உறவாக ஏற்கும் பருவம் பூனைக்கு இரண்டு முதல் ஏழு வாரம். நாய்க்கு ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் வரை. உங்கள் இரண்டுக்கும் அது தாண்டிவிட்டது. ஆகவே நாளாகும், அவ்வளவுதான்.

(முத்துவை நீ ‘குட்டி’ என்பது சரி. தொல்காப்பிய மரபியலில் வெருகின், அதாவது பூனையின், இளசுக்குக் குட்டி, நாயினுடையதற்குக் குருளை. இன்று இரண்டையும் குட்டியாக்கிவிட்டோம். விட்டால் இதையே நாலு பக்கம் எழுதுவேன்.)

வாலுக்கு வருகிறேன். டைகர் வாலை ஆட்டினால் உற்சாகம். பூனை வாலைச் சாட்டைபோல் வீசினால் கோபம். அதன் நட்பு வால் செங்குத்தாக நிற்கும். முத்து தன் கணக்கில் டைகரின் வாலைப் படித்தது. மல்லாந்து படுப்பதும் அப்படியே. நாய் மல்லாந்தால் பணிவு. மிரண்ட பூனை மல்லாந்தால் நாலு கால் நகமும் தயார்.

இனி என் கட்சி. சொன்னால் உன் பாட்டி சிரிப்பாள், இருந்தாலும் சொல்கிறேன்: நம் ஊர் வீட்டில் நாயையும் பூனையையும் சேர்ந்து வாழவைத்தது பரண். நாய்க்குத் திண்ணை, நிலைப்படி தாண்டாது. பூனைக்கு நெல் இருக்கும் இடம். எப்போதாவது நாய் உள்ளே வந்துவிட்டால் பூனைக்கு மூன்று தாவல்: உரல், சன்னல் கம்பி, பரண். மேலே உட்கார்ந்து முன்காலை நக்கும். நாய் அண்ணாந்து நாலு குரை குரைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடும். நாயின் துரத்தும் வெறியைக் கிளப்புவது ஓட்டம்தான்; ஏற இடமுள்ள பூனைக்கு நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. உங்கள் ஃப்ளாட்டிலும் பரண் இருக்கிறது, பிளைவுட் கதவு போட்டு, உள்ளே சூட்கேஸ்! முத்து சோபாவுக்கு அடியில் போய் மூலையில் மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்டது கீறாமல் என்ன செய்யும்?

நானும் முட்டாள்தனம் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூனைக்குட்டி ஒன்றைக் கையில் பிடித்து நாயின் முகத்துக்கு நேராக நீட்டினேன். என் கழுத்து வழியாகத் தலையில் ஏறிவிட்டது. இடது காதுக்குப் பின்னால் தழும்பு இன்னும் இருக்கிறது, வரும்போது தடவிப் பார்.

ஆகவே நீ அவசரப்படாதே. ஒரு வாரம் ஒன்றை மற்றதன் கண்ணிலேயே காட்டாதே. டைகர் படுத்த பழந்துணியை முத்துவின் அறையில் போடு. முத்துவின் கன்னத்தில் தேய்த்த துணியை டைகருக்கு. மூக்குக்கு முதலில் பழகட்டும். சாத்திய கதவின் இருபுறமும் சோறு வை. முத்து உறுமாமல் சாப்பிட ஆரம்பித்த பிறகு, டைகரைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கதவைத் திற, ஐந்து நிமிஷம் போதும். முத்து சீறினால் அதட்டாதே. அது எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்தது நகம். பூனைத் தட்டு உயரத்தில் இருக்கட்டும். டைகர் தின்றுவிடும் என்பதற்காக முத்துவுக்கு நாய்த்தீனி போட்டுவிடாதே. டாரின் என்ற சத்தைப் பூனை உடம்பு போதிய அளவு தயாரிக்காது, குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பனை ஸ்டூல் மேல் ஏற்றி அந்த சூட்கேஸ்களை இறக்கச் சொல். கதவையும் கழற்றட்டும். நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
தாத்தா