முதல் வகுப்பை ஏற்கும் இளம் ஆசிரியருக்கு

தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் வந்து உட்காரும் குழந்தைக்கு வயது 5. அகரம் எழுதத் தொடங்கும் முன்பே அது ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறது: இங்கே தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? விடை முதல் வாரத்திலேயே அதற்குக் கிடைத்துவிடும். மகிழ்ச்சியான வகுப்பறை என்றதும் பாட்டும் பொம்மையும் வண்ணச் சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் தப்பு செய்ய அஞ்சும் குழந்தைகள் பாடும் பாட்டும் கட்டளைக்குப் பாடுவதாகத்தான் இருக்கும். ஆகவே பணிக்குப் புதிதாக வரும் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டியது, தம் வகுப்பில் ஒரு தவறான விடைக்கு என்ன நேர்கிறது என்பதை.

32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5. 3இலிருந்து 1 போனால் 2. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக் கொடுத்த விதியைக் குழந்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் இந்த யோசனை ஆசிரியர் கண்ணில் படாமலே போய்விடும். “எப்படிப் போட்டாய், சொல்” என்று கேட்டால் போதும், குழந்தையே சொல்லிவிடும். விடை சரியாக இருக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்பது முக்கியம். தப்பாகப் போட்டவர்களிடம் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே விடை தப்பு என்று வகுப்பு முழுவதும் புரிந்துகொள்ளும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் மரியாதையின் ஒரு வடிவம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய 1 விநாடியே காத்திருப்பதைக் கண்டார். அதை 3 விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத குழந்தைகளும் பேசினார்கள். செலவில்லாத சீர்திருத்தம் இது. ஆனால் எளிதானதன்று. முன்வரிசையில் நாலு கைகள் துள்ளிக்கொண்டிருக்கும்போது பின்வரிசைக் குழந்தைக்காக மௌனமாக நிற்க ஆசிரியருக்குப் பழக்கம் வேண்டும்.

அடியைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. 29ஆம் பிரிவு, குழந்தை அச்சமும் பதற்றமும் இன்றித் தன் கருத்தைச் சொல்ல உதவும் கல்வியைக் கோருகிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் வந்தவற்றையே இளம் ஆசிரியர் அடையாளம் காண வேண்டும்: முட்டி போடச் சொல்வது, வாசலில் நிற்க வைப்பது, தம்பியை அக்காவின் வகுப்புக்கு அழைத்துப் போய்க் குறை சொல்வது, ‘பேசுகிறவர்கள்’ என்று கரும்பலகையில் வகுப்புத் தலைவன் எழுதும் பெயர்ப் பட்டியல். கடைசியாகச் சொன்னது தீங்கற்றதுபோல் தோன்றும். ஆனால் 7 வயதுக் குழந்தையைத் தோழர்களுக்கு ஒற்றனாக்கும் ஏற்பாடு அது. வகுப்புத் தலைவர் வேலை வாரந்தோறும் மாறட்டும். வராந்தாவுக்குப் பாய் எடுத்துப் போவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நூலகப் புத்தகங்களை எண்ணி வைப்பது என்று பொறுப்பு பகிரப்படட்டும்.

சத்தம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா எழுதிய ‘பகல் கனவு’ நூலில், புதிதாக வந்த ஆசிரியர் முதல் நாள் அமைதி விளையாட்டோடு தொடங்கித் தோற்றுப் போகிறார். கதை சொல்லத் தொடங்கிய பிறகுதான் குழந்தைகள் அவரிடம் வந்து சேர்கிறார்கள். அந்த நூல் வந்து நூற்றாண்டு நெருங்கியும், அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் மாறவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரோ பார்வைக்கு வரும் அதிகாரியோ “ஏன் இவ்வளவு சத்தம்?” என்று கேட்கும்போது இளம் ஆசிரியர் கூனிக் குறுக வேண்டியதில்லை. குழந்தைகள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தால் அது கற்றலின் சத்தம்.

குழந்தையின் அச்சத்தைப் போக்குவதில் அறையின் அமைப்புக்கும் பங்கு உண்டு. குழந்தையின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்ப அறையை அமைக்கும் முறையை 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி நடைமுறைப்படுத்தினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைத் தழுவி அரசுப் பள்ளிகளின் அறையையே மாற்றியது. ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத இடம் வந்தது. கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கின. வருகையைத் தாங்களே குறித்துக்கொண்டார்கள். திட்டங்கள் வந்து போகும். இந்த வழக்கங்களை எந்தத் திட்டத்திலும் வைத்துக்கொள்ளலாம். பந்தலில் நன்றாக வரைந்த 4 பேரின் படம் மட்டும் தொங்கினால் அது வேறொரு மதிப்பெண் பட்டியலாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. கற்பிப்பவரின் வசதிக்கான இந்தப் பெயர்கள் குழந்தையின் பட்டப்பெயராக மாற ஒரு மாதம்கூட ஆகாது. “அரும்புப் பசங்க இங்க வாங்க” என்று ஆசிரியர் உரக்கக் கூப்பிட்டால் மறுநாள் விளையாட்டுத் திடலில் அதுவே வசையாகும். குழுக்களைப் பாடத்துக்குப் பாடம் கலைத்துச் சேர்ப்பதும், பெயர் சொல்லி அழைப்பதும் இதைத் தவிர்க்கும்.

வீட்டுப் பேச்சைத் திருத்தும் விதமும் இதே கவனத்தைக் கேட்கிறது. ‘வாளப்பளம்’ என்று சொல்லும் குழந்தையை நிறுத்தி வைத்து ழகரம் பழக்கினால், அது அடுத்த முறை பழத்தைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடும். “வாழைப்பழமா, யார் வாங்கித் தந்தார்கள்?” என்று ஆசிரியர் தம் வாயால் சரியாகச் சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தால் காது தானே பழகும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டிலிருந்தும், திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளர் வீட்டிலிருந்தும் வரும் குழந்தைகளுக்கு, தங்கள் மொழியில் நாலு சொல் தெரிந்த ஆசிரியர் பெரிய துணை.

சாதியின் நிழல் தொடக்கப் பள்ளியிலும் விழுகிறது. 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் மீது நடந்த சாதிவெறித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது என்றது. உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதும் அப்படிச் சுட்டுவதே. யார் பெருக்குகிறார்கள், யார் ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள், பெருக்குவது எப்போதும் பெண் குழந்தைகளா என்பதை ஆசிரியர் ஒரு வாரம் குறித்துப் பார்த்தாலே தம் வகுப்பின் உண்மை தெரிந்துவிடும்.

உடம்பின் தேவைகளுக்குப் பாடவேளை தெரியாது. ஒன்றுக்குப் போக விரல் காட்டும் குழந்தைக்கு “இப்போதுதானே போனாய்” என்ற பேச்சு ஒருபோதும் வேண்டாம். உடை நனைந்த குழந்தை அந்த நாளை வெகுகாலம் மறக்காது. மாற்று உடை ஒன்று அலமாரியில் இருக்கட்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசியோடு உட்காரும் துன்பத்தைக் குறைத்திருக்கிறது. குழந்தைகள் சாப்பிடும் நேரத்தில் ஆசிரியரும் உடன் உட்கார்ந்தால், வகுப்பில் பேசாதவர்கள் அங்கே பேசுவார்கள்.

ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால் அடிபட்டவனை முதலில் கவனிப்பதே முறை. அடித்தவனிடம் பிறகு, தனியாக, அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசலாம். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பதால் சொல் மட்டுமே வரும். கீழே தள்ளிய பென்சில் டப்பாவை அவனே எடுத்து அடுக்கிக் கொடுப்பது அவனுக்குப் புரியும் பரிகாரம்.

பெற்றோரிடம் குறை மட்டும் சொல்லும் வழக்கமும் மாற வேண்டும். குழந்தை முதன்முறை தானாகப் படித்த நாளில் வாசலில் வரும் அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லும் ஒரு வரி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்து வரும். குறை சொல்ல நேர்ந்தால் குழந்தை இல்லாதபோது, மற்றப் பெற்றோர் இல்லாதபோது சொல்வது முறை. வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால், சொல்லும் விதத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். திடீரென ஒடுங்கிப் போகும் குழந்தை, சிலரைக் கண்டால் நடுங்கும் குழந்தை ஏதேனும் சொல்ல வந்தால், குறுக்கே கேள்வி போடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். பாலியல் கொடுமை என்று ஐயம் எழுந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்ற காரணம் அங்கே செல்லாது. குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர் உதவி எண் 14417 ஆகிய இரண்டும் குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதியிருக்க வேண்டும்.